பூக்காலத்தில் ஓடிய கால்

முழங்காலுக்குக் கீழே வீக்கம் வந்தால் அதை நீவி விடாதீர்கள். விளக்கெண்ணெய் போட்டு உருவாதீர்கள், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கடைசியில் சொல்ல வேண்டிய புத்திமதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் எதையும் கடைசி வரை படிப்பதில்லை.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறேன். ஊனமுற்றவர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் செம்மநத்தத்திலிருந்து ஒரு அம்மா போன் பேச வந்தார். கூடவே பள்ளிக்கூடச் சீருடையில் மகள். வலது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள்.

"காலுக்கு என்னங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டப்பந்தயத்துக்குப் பழகறாளுங்க. முட்டி வீங்கிக் கெடக்குது. நீவுறவரு ஒருத்தர் கீழ இருக்காராமா, என்ர தம்பிகிட்டச் சொல்லி அவரை வரச் சொல்லலாம்னு வந்தமுங்க."

"அதுவரைக்கும் ஓடாம இருக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமை டி.வி.ல படம் போட்டாங்களேங்க, அதுல நொண்டிக் கெடந்த ஹீரோ விடாம ஓடித்தானுங்க ஜெயிச்சாரு. வலிக்குதுன்னு நின்னுட்டா ஜெயிக்க முடியுமுங்களா?"

ரிசீவரை அந்த அம்மாவின் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலத்துக்குப் போங்கள் என்று சத்தம் போட்டேன். போனார்கள். மறுநாள் வந்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வெறும் பிசகுதான் என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார் அந்த அம்மா. பார்க்கட்டும். அந்தப் படத்தில் ஓடுகிற கால் என்னுடையது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னாலும் காட்டுவதற்கு அந்தக் கால் இப்போது என்னிடம் இல்லை.

எண்பதுகளில் நடந்த கதை இது. அப்போது நான் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் டப்பால்காரனாக இருந்தேன். எஸ்டேட் கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு தினமும் ஏற்காடு தபாலாபீசுக்குப் போய், வந்த கடிதங்களை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும். குறுக்குப் பாதையில் ஓடிவிடுவேன். மேடு பள்ளம் எல்லாம் எனக்கு ஒன்றுதான். "ராசுக்கு மூச்சு கால்ல இருக்குது" என்பார் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். எனக்கும் அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

அந்த வருஷம் பங்குனியில் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கியது. மலையில் பிறந்த ஏழை ஓட்டக்காரன் ஒருவன், பாறை உருண்டு கால் நசுங்கியும் விடாமல் முயன்று, கடைசியில் பந்தயத்தில் ஜெயிக்கிற கதை. ஹீரோவாக நடித்தவர் நல்ல மனிதர், ஆனால் நாலு எட்டு மேட்டில் ஓடினால் உட்கார்ந்துவிடுவார். இடுப்புக்குக் கீழே காட்டுகிற இடத்திலும் முதுகைக் காட்டுகிற இடத்திலும் ஓடுவதற்கு அவருக்கு ஒரு டூப் தேவைப்பட்டது. டப்பால் பையோடு நான் குறுக்கே ஓடியதை டைரக்டர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலமே ஹீரோவின் அரைக்கால் சட்டை என் இடுப்புக்கு வந்துவிட்டது.

முதலில் ஹீரோ அடிபடும் காட்சியைத்தான் எடுப்பதாக இருந்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாட்களில்தான் பூ மழை பெய்திருந்தது. காப்பிச் செடிக்கு அந்த ஒரு மழை போதும், சில நாட்களிலேயே கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். மலை முழுக்க மல்லிகை வாசம். கொஞ்ச நாள்தான் நிற்கும், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். டைரக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, கிளைமாக்ஸை முதலில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஆக, அந்தப் படத்தில் கடைசியாக ஓடி ஜெயிக்கிற ஓட்டத்தை நான் முதன்முதலாக ஓடினேன். கிளியூர் போகிற சாலையில், இரண்டு பக்கமும் பூத்த தோட்டத்துக்கு நடுவே, வெறுங்காலோடு. "வலி வந்தா நிக்காதே, அதை முந்திக்கிட்டு ஓடு" என்று ஹீரோவின் அண்ணன் வேஷக்காரர் கத்துவார், நான் ஓடுவேன். அப்போது எனக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஓடி முடித்ததும் யூனிட்டே கை தட்டியது. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் வரவில்லை.

என் அப்பா ஷூட்டிங் பார்க்க வரவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் சொந்தக் காப்பி உண்டு, மிளகு உண்டு. பூக்காலத்திலும் பழக்காலத்திலும் அந்த மனிதரைத் தோட்டத்தை விட்டு நகர்த்த முடியாது. சினிமா என்றால் அவருக்குச் சாமி படம்தான். அம்மா இறந்த பிறகு அதற்கும் போனதில்லை.

மழைக்காலத்தில் வலி வந்தது. இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்புக்குள்ளே யாரோ விரலை விட்டுத் துழாவுகிற மாதிரி. ஓடினால் வலித்தது சரி, படுத்திருக்கும்போதும் வலித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுளுக்கு என்றால் அசையாமல் கிடந்தால் அடங்க வேண்டும். இது அடங்கவில்லை. அக்கா செல்விதான் முதலில் தொட்டுப் பார்த்தவள். "என்னடா தம்பி, கொதிக்குது?" என்றாள். காய்ச்சல் இல்லை, மற்ற உடம்பெல்லாம் ஜில்லென்று இருந்தது, அந்த ஒரு இடம் மட்டும் சுட்டது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, அடியில் நீல நரம்புகள் தெரிந்தன.

அப்பா ஒரு நீவுறவரைக் கூட்டி வந்தார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார், குறை சொல்ல மாட்டேன். எண்ணெய் போட்டுக் கட்டை விரலால் அழுத்தி உருவினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பிறகு பத்தை வைத்துக் கட்டினார். வாராவாரம் வந்து அவிழ்த்து, நீவி, மறுபடியும் கட்டினார். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் வீக்கம் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. "கெட்ட நீர் எறங்குதுங்க" என்றார். நாங்களும் நம்பினோம்.

கார்த்திகையில் யூனிட் மறுபடி வந்தது. தோட்டத்தில் பழம் சிவந்து தொங்கியது. இந்த முறை பாறை விழுந்த பிறகு ஹீரோ நொண்டுகிற காட்சிகள். வர முடியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் டைரக்டர் என் நடையைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இதத்தான்யா நான் கேட்டேன்! எவ்வளவு நேச்சுரலா நொண்டுறான் பாருங்க!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கால் நிஜமாகவே வலிக்கிறது என்று சொன்னேன். "ரொம்ப நல்லது, அப்படியே வெச்சுக்கோ" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசி ஷாட்டில் சிவந்த பழச் செடிகளுக்கு நடுவே நொண்டி நடந்து விழ வேண்டும். விழுந்தேன். கட் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. இரண்டு லைட்பாய்கள் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் போட்டார்கள்.

மார்கழிக் குளிரில் அப்பாவும் அக்காவும் என்னைச் சேலத்துக்கு இறக்கினார்கள். ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் ஆடும்போது அக்கா என் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார் என்று சொல்லி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே யாரும் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை, ஆனாலும் அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை.

காத்திருக்கிற இடத்தில் பெஞ்சு சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, எல்லோரும் டாக்டர் அறைக் கதவையே பார்த்தார்கள். உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே என்ன சொல்லியிருப்பார் என்று கணக்குப் போடுவோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். அதுவரை அப்பாவோடு தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"யாராவது நீவினாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நல்லா நீவி உட்டாருங்க" என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் என்னிடம் மட்டும் படத்தைக் காட்டினார். நல்ல எலும்புக்கு ஓரம் என்பது பென்சிலால் இழுத்த கோடு மாதிரி தெளிவாக இருக்கும். என் வலது காலில் அப்படித்தான் இருந்தது. இடது காலில் அந்தக் கோடு ஒரு இடத்தில் கலைந்து, அங்கிருந்து மெல்லிய முள் முள்ளாக வெளியே கிளம்பியிருந்தது. குழந்தைகள் சூரியனுக்குக் கதிர் போடுகிற மாதிரி. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு துணுக்கு எடுத்தார்கள். பயாப்ஸி என்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, எலும்பிலிருந்து அரிசி நொய் அளவுக்குச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவு வர நாளாகும். அந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை கொஞ்ச நேரம் தாங்கும். நெஞ்சையும் படம் எடுத்தார்கள். காலில் வலி, நெஞ்சை எதற்கு எடுக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். நர்ஸ் என் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனார்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் முத்து என்று ஒரு லாரி டிரைவர். தொடை எலும்பு முறிந்து, காலை மேலே தூக்கிக் கட்டி, கல் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டில் அசையும் அளவுக்குச் சிரிப்பார். தன் டிரான்ஸிஸ்டரை என் தலைமாட்டில் வைத்து, "நீயே திருப்பிக்கோ, எனக்குக் காது கேக்கும்" என்று கொடுத்துவிட்டார். அக்கா மலையிலிருந்து கொண்டு வந்திருந்த கமலா ஆரஞ்சைச் சுளை சுளையாக நார் நீக்கி எங்கள் இரண்டு பேருக்கும் கொடுப்பாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமியார் ஊட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள்கூட அவர்களைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

கடைசிக் கட்டிலில் பழனிவேலு இருந்தான். என் வயசுதான், தறி ஓட்டுகிறவன். அவனுக்கும் என் மாதிரியே முழங்காலுக்குக் கீழே, ஆனால் பூசணிக்காய் அளவுக்கு. ஆறு மாசத்துக்கு முன்னால் காலை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது, எடுக்க விடாமல் ஊருக்குக் கூட்டிப் போய் எண்ணெய் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இப்போது மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். தினமும் காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து என் கட்டில் வரைக்கும் வருவான். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டான், வலி எப்படி என்று கேட்க மாட்டான்.

"உனக்கு இருமல் வருதா?" என்று கேட்பான்.

"இல்லை."

"சரி" என்று திரும்பிப் போவான். போகும்போது இருமுவான்.

அவன் எதற்குக் கேட்கிறான் என்பது டாக்டர் முடிவைச் சொன்ன அன்றுதான் புரிந்தது. எலும்புப் புற்று. ஆஸ்டியோசார்கோமா என்று பெயர். சின்ன வயசுக்காரர்களுக்கு, வளர்கிற எலும்பில் வருவது. ஓடியதால் வந்ததல்ல, விழுந்ததால் வந்ததல்ல. காலில் இருக்கிற வரைக்கும் அது கால் நோய். ரத்தத்தோடு போய் நுரையீரலில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் காலை எடுத்தும் பிரயோஜனமில்லை. நீவ நீவ அந்தப் பயணத்துக்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம்.

"நெஞ்சுப் படம் இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. முட்டிக்கு மேல, தொடையில எடுத்துடணும். பொங்கல் கழிஞ்ச உடனே. தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர்.

அப்பா தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். "ஏனுங்க, மருந்து மாத்திரைல கரைக்க முடியாதுங்களா? நொம்ப நல்லா ஓடற காலுங்க" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் குனிந்து அவர் தோளைத் தொட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. என் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டை விரலை ஆட்டிப் பார்த்தேன், ஆடியது.

பொங்கலுக்குப் படம் வெளிவந்தது. சேலத்துத் தியேட்டரில் பெரிய பேனர் என்று முத்துவைப் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். முத்து அப்பாவை விடவில்லை. "பெரியவரே, பையன் காலு படம் முழுக்க ஓடுதாம், போய்ப் பார்த்துட்டு வாங்க. மனசு கொஞ்சம் தேறும்" என்றார். அக்கா துணைக்குப் போனாள். பகல் காட்சி. அந்த நேரத்தில்தான் கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை போட்டார்கள். டாக்டர் வந்தார், நர்ஸுகள் ஓடினார்கள், அப்புறம் மெதுவாக நடந்தார்கள். திரையை எடுத்தபோது கட்டிலில் போர்வை மட்டும் மடித்து வைத்திருந்தது. முத்து டிரான்ஸிஸ்டரை அணைத்தார். அன்று காலையிலும் பழனிவேலு வந்து என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

அப்பா திரும்பி வந்தபோது நான் அதுவரை பார்க்காத ஒரு முகம் அவருக்கு. கண் பளபளத்தது. வந்ததும் என் துணிகளை எடுத்துப் பையில் அடைக்க ஆரம்பித்தார்.

"எந்திரி சாமி. ஊட்டுக்குப் போலாம்."

"என்னங்கப்பா?"

"நான் பார்த்துட்டேன். காலு நொண்டுச்சு, உழுந்துச்சு, எல்லாரும் அவ்வளவுதான்னு சொன்னாங்க. அப்பறம் அதே காலு ஓடுச்சு. உன்ர காலுதான், எனக்குத் தெரியாதா? கணுக்கால்ல அந்த அருவா வெட்டுத் தழும்புகூட இருந்துச்சு. என்னமா ஓடுச்சு! தியேட்டரே எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. நொண்டுன காலு சரியாகி ஓடுனதை நானே கண்ணால பார்த்துட்டேன். இவங்க வெட்டணுங்கறாங்க. வலி வந்தா நிக்கக் கூடாது சாமி, முந்திக்கிட்டுப் போயரோணும்."

அக்கா அவருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்த ஆசை தொற்றியிருந்தது என்பது தெரிந்தது.

ஏன், எனக்கும்தான் தொற்றியது. ஒரு நிமிஷம் நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மலைக்குப் போய்விடலாம், இன்னொரு நல்ல நீவுறவரைப் பார்க்கலாம், கால் இருக்கும். அப்போதுதான் அந்த மடித்த போர்வை கண்ணில் பட்டது.

"அப்பா, கடைசியா ஓடறதை அவங்க மொதல்ல எடுத்துட்டாங்க. நொண்டறதைத்தான் அப்பறம் எடுத்தாங்க" என்றேன்.

"போ சாமி. எவனாச்சும் அறுப்பை முடிச்சுட்டு வெதைப்பானா? வெட்டறதுக்கு மனசைத் தேத்திக்கிட்டு என்னையச் சமாதானம் பண்ற."

"சினிமால அப்படித்தானுங்க எடுப்பாங்க" என்று முத்து சொல்லிப் பார்த்தார். அப்பா திரும்பியே பார்க்கவில்லை. டாக்டர் வந்தார், அவரும் சொன்னார். பெற்றவர் கையெழுத்துப் போடாமல் அறுவை செய்ய முடியாது என்றும், இன்று கூட்டிப் போனால் அடுத்த முறை நெஞ்சுப் படம் இப்படி இருக்காது என்றும் சொன்னார். அப்பா பவ்யமாகக் கும்பிட்டார். "உங்க மேல கொறை இல்லீங்க. உங்களுக்கு அந்தப் படத்தைப் பார்க்க நேரம் இருந்திருக்காது" என்றார். பை கட்டி முடிந்துவிட்டது. அக்கா என் காலைக் கவனமாக ஒரு பழைய சேலைத் துணியால் சுற்றினாள்.

என் காலை வெட்டச் சொல்லி நானே வாதாட வேண்டியிருந்தது. வேறு எதைச் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா, நான் ஓடறப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்னங்க இருந்துச்சு?"

"காப்பித் தோட்டம்."

"செடில என்னங்க இருந்துச்சு?"

அவர் முகம் மலர்ந்தது. "பூ. சும்மா பளீர்னு பூத்துக் கெடந்துச்சு. எனக்கு வாசமே வந்துச்சுன்னா பார்த்துக்க."

"நொண்டறப்ப?"

"பழம்தான். நல்லாச் செவந்த பழம்..."

"இப்ப என்ன மாசமுங்க? நம்ம தோட்டத்துல இப்பப் பூ இருக்குதுங்களா?"

பையின் காதைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. கார்த்திகையில் பழம். தையில் பறிப்பு முடிகிறது. அடுத்த பூவுக்கு இன்னும் மழையே விழவில்லை. காப்பியோடு பிறந்து வளர்ந்த மனிதருக்கு நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணில் இருந்த பளபளப்பு மெதுவாக வடிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வடிய வைத்தவன் நான்தான்.

"இந்த வருசப் பூ இன்னும் வல்லியே சாமி" என்றார்.

"வல்லீங்கப்பா."

"அப்ப அது போன வருசத்துக் காலு."

"ஆமாங்கப்பா."

பையை அவிழ்த்து என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தார். சட்டையை ரொம்ப நேரம் மடித்தார். பிறகு டாக்டர் அறைக்குப் போனார். "எடுத்துருங்க" என்று மட்டும் சொன்னாராம். பெருவிரல் மையைத் துடைக்காமலே வந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதத்தில் நீல மை ஒட்டியது. அறுவைக்கு முன்னால் நர்ஸ் அதைப் பஞ்சால் துடைத்தார்.

அறுவையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நான் தூங்கினேன். கண் விழித்தபோது கால் வலித்தது, சந்தோஷமாக இருந்தது. எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். போர்வை தொடைக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. இல்லாத காலில் வலி வரும். நரம்புக்கு விஷயம் தெரிய நாளாகும் என்று டாக்டர் சொன்னார். பாதம் அரிக்கும், சொறிய இடம் இருக்காது. அக்கா வெட்கப்படாமல் மெத்தையில் அந்த இடத்தைச் சொறிந்து கொடுப்பாள். வேடிக்கை என்னவென்றால் சில நேரம் அரிப்பு நின்றுவிடும்.

பிறகு மருந்து ஏற்றினார்கள். சிவப்பாக, சொட்டுச் சொட்டாக. ரத்தத்தில் எங்காவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்வதற்கு. வாந்தியில் குடலே வந்துவிடும் போலிருக்கும், முடியெல்லாம் தலையணையில் கிடந்தது. முத்து தன் கல்லை அவிழ்த்து ஊருக்குப் போகும்போது டிரான்ஸிஸ்டரை விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாராம். முதல் தவணை முடிந்ததும் கொஞ்ச நாள் ஊட்டுக்குப் போய் வரச் சொன்னார் டாக்டர். அதற்கு முன்னால் நெஞ்சை மறுபடி படம் எடுத்தார்கள். சுத்தம் என்றார். இன்றைக்குச் சுத்தம் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்.

பங்குனி நடுவில் மலை ஏறினோம். நான் ஜன்னல் ஓரம், அப்பா பக்கத்தில், அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில். பாதி மலைக்கு மேல் காற்று குளிர்ந்தது. முந்தின நாட்களில் மழை விழுந்திருக்க வேண்டும். ஒரு வளைவு திரும்பியதும் அந்த வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. அப்பா சட்டென்று எழுந்து என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கினார்.

"என்னங்கப்பா?"

"சாரல் அடிக்குது சாமி."

ஷட்டர் இடுக்கில் வெயில் கோடு கோடாக என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெறந்து உடுங்கப்பா" என்றேன். "இந்த வருசப் பூவுங்க."

கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினார். சாலைக்கு இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. இதே மாதிரி வெள்ளைக்கு நடுவேதான் நான் ஓடியிருக்கிறேன். எதிரே வந்த லாரி கிளப்பிய தூசி முகத்தில் அடித்தது. நான் இருமினேன்.

அப்பாவின் கை பாய்ந்து வந்து என் நெஞ்சின் மேல் விழுந்தது. விரல்கள் விரிந்து அழுத்தின, உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டே கண்டுபிடித்துவிடப் போகிற மாதிரி. பழனிவேலு தினமும் காலையில் கேட்டதை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தூசிங்கப்பா" என்றேன். "வெறும் தூசிங்க."

தலையை ஆட்டினார். கொட்டச்சேட்டில் இறங்குகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.